காகித வெயிலுமுத்து

என் குடியைக் கெடுத்தது இந்தப் பொம்பளைதான். முதலில் இதை அவள் பாஷையில் சொல்லிவிடுங்கள் தம்பி. என் வார்த்தையிலேயே சொல்லுங்கள், சர்க்கரை தடவ வேண்டாம். எதிரே மடியில் தலையணையை வைத்துக்கொண்டு மண்டையை மண்டையை ஆட்டுகிறாளே, இவள்தான். கோர்ட்டில் எல்லாம் நான் செய்ததாகச் சொன்னார்கள். சொல்லட்டும். இரும்புக் கம்பி என் கையில்தான் இருந்தது, யார் இல்லை என்றது? அந்தக் கையை ஓங்க வைத்தவள் யார் என்று கேட்க இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

சொல்லிவிட்டீர்களா? எதற்கு அவள் 'கிராஸியாஸ்' என்கிறாள்? நன்றியா? குடியைக் கெடுத்தாய் என்று முகத்துக்கு நேரே சொன்னால் நன்றி சொல்கிறவளை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? இதுதான் இவள் வித்தை. சண்டைக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். விலையை ஏற்றினாலும் ஒரே முகம், இறக்கினாலும் ஒரே முகம். இப்படிப்பட்ட ஆளோடு வியாபாரமே பண்ண முடியாது.

நீங்கள் எந்த ஊர்? கோயம்புத்தூரா? அதான் அடிக்கு ஒரு 'ங்க'. நான் தூத்துக்குடி. பெயர் வெயிலுமுத்து, இங்கே எல்லாருக்கும் முத்தோ. உங்களைப்போல விமானத்தில் வந்தவன் இல்லை. கப்பலில் சமையல்காரனாக வந்து, ஹூஸ்டன் துறைமுகத்தில் சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நம்ம ஆட்கள் இங்கே கோயில் கட்டி, சங்கம் வைத்து, கோலப்போட்டி நடத்துகிறார்களாம். நான் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்குச் சோறு போட்டது மெக்ஸிகோக்காரர்கள். ஓட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவிய காலத்தில் என் பல்லை உடைத்தவனும் அவர்களில் ஒருவன், போலீஸ் வந்தபோது மாவு மூட்டைக்குப் பின்னால் என்னை ஒளித்து வைத்தவனும் அவர்களில் ஒருவன். அடி வாங்கினால் திருப்பி அடிக்க வேண்டும், முடியாவிட்டால் விலை பேச வேண்டும். எனக்கு யாரும் இதற்கு மேல் பாடம் நடத்தவில்லை.

ஸ்பானிஷ் தெரிந்தவனுக்கு எதற்கு மொழிபெயர்க்க ஆள் என்று அந்தக் கோர்ட்டுக்காரன் கேட்டான். தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்தது கடை ஸ்பானிஷ். விலை பேசலாம், வையலாம், சிரிக்க வைக்கலாம். அதற்கு மேல் அந்த மொழியில் என்னிடம் சரக்கு கிடையாது. வீட்டில் ஒதிலியாவோடும் இத்தனை வருஷம் அதைத்தான் பேசினேன், ஒரு குறையும் வரவில்லை.

ஒதிலியா என் பெண்டாட்டி. அதையும் சொல்லிவிடுங்கள். இவள் அதை மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இந்தச் சந்திப்பையே நான் பேரம் பேசித்தான் வாங்கினேன் தம்பி. கோபத்துக்கு வகுப்பாம், போக வேண்டும் என்றது கோர்ட்டு. வருகிறேன், ஆனால் அந்தப் பொம்பளை ஒருமுறை என் முன்னால் வந்து உட்காரட்டும், நான் கேட்பதைக் கேட்கட்டும், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றேன். அவர்கள் கெஞ்சினார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விலை சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அதுதான் சூட்சுமம். கடைசியில் பாருங்கள், உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் ஒரு தடியனை நிறுத்தியிருக்கிறார்கள். நிற்கட்டும்.

என் பிழைப்பு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். இவர்கள் 'புல்கா' என்பார்கள். நம்ம ஊர் வாரச்சந்தையும் பழைய இரும்புக்கடையும் கலியாணம் பண்ணிக்கொண்டால் எப்படி இருக்கும், அது. நான் பழைய ஸ்பேனர், சட்டி, தையல் மிஷின், கட்டுக்கம்பி எல்லாம் விற்பேன். பக்கத்துக் கடையில் தோன் எவுசேபியோ பூட்ஸ் விற்பார். 'தோன்' என்றால் நம்ம ஊர் அண்ணாச்சி. அண்ணாச்சிகளுக்கு உள்ள வாய் அவருக்கும் உண்டு.

ஒதிலியா என் கடைக்குக் கட்டுக்கம்பி வாங்க வந்தவள். நான் ஒரு விலை சொன்னேன். வாயடித்துக் குறைப்பாள் என்று இரண்டு மடங்காகத்தான் சொன்னேன். அவள் பையைத் திறந்து அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இப்படியும் ஒருத்தி தனியாகத் திரிந்தால் கண்டவனும் ஏமாற்றிவிடுவானே என்று கவலை வந்துவிட்டது. நானே கட்டிக்கொண்டேன்.

அவள் பின்யாத்தா செய்கிறவள். தெரியுமா உங்களுக்கு? நம்ம உறியடிதான், பானைக்குப் பதில் காகிதப் பொம்மை. கம்பியை வளைத்துக் கூடு கட்டி, பழைய பேப்பரை மைதாப் பசையில் நனைத்து ஒட்டி, காயவைத்து, மேலே கலர்க் காகிதத்தைக் குஞ்சம் குஞ்சமாக ஒட்டுவார்கள். வயிற்றில் மிட்டாயைக் கொட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, பிள்ளையின் கண்ணைக் கட்டி, கையில் கம்பைக் கொடுத்து அடி என்பார்கள். தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிய்கிறவரை அடி. மிட்டாய் கொட்டினதும் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும். எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். வாங்கினவனே உடைத்துவிட்டு அடுத்த வருஷம் திரும்பி வருவான். சட்டி விற்றால் அப்படியா?

கட்டின பிறகு அவள் செய்வதை எல்லாம் என் கடையில் தொங்கவிட்டேன். எதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன். குதிரை, நட்சத்திரம், கார்ட்டூன் பொம்மை, சட்சட்டென்று போகிற சரக்கு. செய்து கொடுத்தாள். இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, என் வேலையை முடித்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் உட்கார்ந்து தனக்கென்று ஒன்று செய்தாள். ஆமை. இரண்டு பக்கமும் இறக்கை வைத்த ஆமை. முதுகில் ஒரு ஊரே இருக்கிறது, வீடு, கோயில், சோளக்காடு, துணி காயப்போட்ட கொடி.

"இது எங்க ஊரு, வியெஹோ. ஆமை முதுகுல ஏத்திட்டேன்," என்றாள். 'வியெஹோ' என்றால் கிழவா என்று அர்த்தம், புருஷனைச் செல்லமாகக் கூப்பிடுவது.

"இத எவன் வாங்குவான்?"

"இது விக்கிறதுக்கில்ல."

"அப்ப உடைக்கவா?"

"உடைக்கவும் இல்ல. எனக்கு ஒரு கடை வேணும். எம் பேரு போட்டு, சின்னதா. அடிக்காத பொம்மையா செஞ்சு வெக்கணும்."

"அடிக்காத பின்யாத்தாவா? கடிக்காத கரும்பு இருக்கா? போடி."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆமையைக் கடைக்குக் கொண்டுபோனது நான்தான். கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்காட்சி வைக்கிறவளாம். ஒதிலியாவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டாள், ஒதிலியா முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் நான் விலையைத் தூக்கினேன். அந்த அம்மா, வாங்க இல்லை, இரவலாக வைத்துக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றாள். இரவலா! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பி வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பத்துப் பேரில் ஒருத்தர் அப்படித்தான், வராமலே போய்விடுவார்கள்.

பிறகு ஒரு லாரிக்காரன் தன் மகன் பிறந்தநாளுக்கு என்று கேட்டான், கொடுத்துவிட்டேன். எங்களையும் விருந்துக்குக் கூப்பிட்டான். மரியாதைக்குப் போனோம். முற்றத்தில் ஆமையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாரும் கை தட்டி, "தாலே, தாலே" என்று கத்தினார்கள். போடு, போடு என்று அர்த்தம். முதல் அடியில் வலது இறக்கை போயிற்று. பக்கத்தில் நின்ற ஒதிலியா தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை அடித்தால் இவளுக்கு வலிக்கிறதாம்! கோயில் உடைந்தது, வீடு உடைந்தது, நான் மிட்டாய் பொறுக்கி அவள் கையில் வைத்தேன். மூடவேயில்லை கையை, மிட்டாய் எல்லாம் கீழே விழுந்தது.

அந்த வாரம்தான் அவளுக்கு நோவு தொடங்கிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாள் அப்படி அமைந்துவிட்டது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துக் கிடப்பது. 'நெர்வியோஸ்' என்பார்கள், நரம்புக் கோளாறு. அவள் சித்தி வந்து ஒரு பச்சை முட்டையை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை உருட்டி, தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்த்தாள். வெள்ளைக்கரு நூல் நூலாக எழும்பிற்று. "யாரோ பக்கத்துல உள்ளவங்க கண்ணுதான்," என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நம்ம ஊரிலும் முட்டை சுற்றிப் போடுவோமே, நான் தலையை ஆட்டினேன். எவுசேபியோவின் பெண்டாட்டியாக இருக்கும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

மனசுக்கு டாக்டர் என்று ஒருவர் உண்டு, போகலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர்கள் சனமும் நம்ம சனமும் ஒரே சனம். போகச் சொன்னால், "நான் என்ன லோக்காவா?" என்று சண்டைக்கு வருவார்கள். பைத்தியக்காரியா என்று. கிழவிகள் ஜெபமாலையைக் கையில் கொடுப்பார்கள், ஆம்பிளைகள் பீரைக் கையில் கொடுப்பார்கள். நான் இரண்டும் இல்லை. எழுந்து வேலையைப் பார், சரியாகிவிடும் என்றேன். என் நோவு எல்லாம் அப்படித்தான் சரியாயிற்று. எனக்கு எந்த நோவும் இல்லை, பார்த்தீர்களா?

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பொம்பளை சந்தைக்குள் வந்தாள். மடக்கு மேஜை, மேலே பூப்போட்ட துணி, சும்மா காப்பி. "மனசு பாரமா இருந்தா வாங்க, பேசலாம், லோக்கான்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்று ஒவ்வொரு கடையாக வந்து பொம்பளைகளிடம் சொன்னாள். சும்மா கிடைக்கிறது என்பதால் நானும் போய்விட்டு வரச் சொன்னேன். சும்மா கொடுக்கிறவனை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? காப்பிக்கு ஏமாந்துவிட்டேன்.

ஒதிலியா வாரம் தவறாமல் போனாள். ஒப்புக்கொள்கிறேன், சாப்பிட ஆரம்பித்தாள், தூங்கினாள், கொட்டகையில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் வாய் வளர்ந்துவிட்டது. "எனக்கு நெஞ்சு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "நீ கத்தும்போது எனக்கு நெஞ்சு வலிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதி வாக்கியம் புதுசு தம்பி. அந்தப் பாதியைக் கொடுத்தது யார்? கேளுங்கள் இவளிடம். நான் தட்டை வீசினேன். அவள்மேல் இல்லை, சுவர்மேல்தான். அவள் சுவரோரமாக நின்றால் அது யார் குற்றம்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்.

ஒதிலியா சர்ச்சுக்கு, காலைப் பூசைக்குப் போயிருந்தாள். நான் கடைச் சரக்கு எடுக்கக் கொட்டகையைத் திறந்தேன். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். நானேதான். என் உயரம், என் தொந்தி, என் மீசை, கப்பலில் அறுபட்ட காது மடல், அது வரைக்கும். நான் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரத்தைக்கூடக் காகிதத்தில் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டியிருந்தாள். முட்டியில் கையை ஊன்றி நான் உட்காருவேனே, அதே மாதிரி. வாய் மட்டும் மூடியிருந்தது, அந்த ஒரு இடத்தில்தான் சாடை பிசகிவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னை இதுவரைக்கும் யாரும் ஒரு போட்டோகூட ஆசையாக எடுத்ததில்லை. ஒதிலியா எத்தனை பகல் என் காதையும் மூக்கையும் உற்றுப் பார்த்திருந்தால் இப்படி வரும்! கண் கலங்கிவிட்டது. இந்த அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள். கலங்கிற்று.

என் பிறந்தநாள் வருகிறது, அதற்குத்தான் செய்து மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். தூக்கி வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டு மாட்டி, சந்தைக்குக் கொண்டுபோனேன். கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். "எம் பொண்டாட்டி செஞ்சா," என்று போகிறவன் வருகிறவனிடம் எல்லாம் சொன்னேன். அன்றைக்கு நான் யாரிடமும் கறாராக விலை பேசவில்லை.

எவுசேபியோ அண்ணாச்சி பூட்சைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முத்தோ, கம்பு எங்கே?"

"என்ன கம்பு?"

"அடிக்கத்தான். தொங்கவிடக் கயிறு நான் தரேன்."

"இது அடிக்கிறதில்ல, அண்ணாச்சி. என்னய மாதிரி செஞ்சிருக்கா."

"அதான் அடிக்கிறதுக்குன்னு சொல்றேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எம் மருமகளும் அந்தக் காப்பிக்காரம்மா கூட்டத்துக்குத்தான் போறா. நெஞ்சுமேல ஏறி உக்காந்திருக்கிற ஆள் யாரோ, அந்த ஆளைச் செஞ்சு கொண்டாரச் சொன்னாங்களாம். பெறகென்ன, பின்யாத்தாவுக்கு மாலை போட்டு ஆரத்தி எடுக்கவா?"

ஒருத்தன் சிரித்தான். பிறகு அந்த வரிசைக் கடை முழுக்கச் சிரித்தது. "எனக்கு முதல் அடி!" என்றான் டயர்க்காரன். "ஒரு அடி என்ன வெலை, முத்தோ? கொறைச்சுச் சொல்லு!" என்றாள் பழக்கடைக்காரி. யார் யாரை நான் விலையில் நசுக்கியிருந்தேனோ அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள் தம்பி. நான் சொல்லுகிற மாதிரியே சொல்லிக் காட்டுகிறார்கள், விலை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எவனோ என் பொம்மையின் மீசையைப் பிடித்து இழுத்தான். பாதி மீசை அவன் கையோடு வந்துவிட்டது.

நம்ம ஊரில் மழை இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டித் தெருவில் இழுப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். உயிரோடு இருக்கிற எனக்கு அதைக் கட்டிவிட்டாள் என்று எனக்குத் தலைக்குள் ஒரே சூடு. கடையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தேன். என்னை அடிக்க எவனுக்கும் நான் கொடுக்கமாட்டேன், நானே அடிப்பேன்! முதல் அடி தலையில். கழுத்து மடங்கித் தொங்கிற்று. தோளில் ஒன்று, தொந்தியில் ஒன்று. நாற்காலி உடைந்தது, நான் நிறுத்தவில்லை. தரையில் கிடந்ததைக் காலால் மிதித்து மிதித்து அடித்தேன். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் பின்னால் போனார்கள். பிள்ளைகள் மட்டும் பாவாடையை ஏந்திக்கொண்டு மிட்டாய்க்கு ஓடி வந்தார்கள்.

ஒன்றும் விழவில்லை. ஒரு சின்னப் பெண் குனிந்து, கிழிந்த தொந்திக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுமே இல்ல, மாமா," என்றது.

அடிக்கக் கட்டினாள், சரி. ஒரு கடலை மிட்டாய்கூடவா எனக்குள் போடத் தோன்றவில்லை? எவன் எவனுடைய குதிரைக்கும் கழுதைக்கும் வயிறு நிறையப் போடுகிறவள்!

வீட்டுக்குப் போனேன். பூசை முடிந்து வந்தவள் கொட்டகையில் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் எங்க?" என்றாள்.

அவன்! நான் எதிரே மூச்சு வாங்க நிற்கிறேன், பொம்மையைக் கேட்கிறாள்.

"செத்துட்டான்," என்றேன். கம்பி கையிலேயே இருந்தது. முயலை அடித்தேன், மீனை அடித்தேன், கொடியில் காய்ந்த நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் இறக்கினேன். பசைச் சட்டி கவிழ்ந்து கால் எல்லாம் மாவு. அவள் கத்தவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள், அதில் வேறு எனக்குக் கோபம் ஏறிற்று. மூலையில் சாக்குப் போட்டு மூடி ஒன்று இருந்தது. இழுத்தேன். பலகை. மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்து, 'ஒதிலியா' என்று அவள் பெயர், சுற்றிலும் சின்னச் சின்ன ஆமை. கடைக்குப் போர்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போர்டு வரைக்கும் போய்விட்டாள்!

ஓங்கினேன். அப்போதுதான் அவள் அசைந்தாள். கையை அவள்தான் நீட்டினாள் தம்பி, பலகைக்கு மேலே. யார் நீட்டச் சொன்னது? கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற கம்பியை நடுவில் நிறுத்த எந்த ஆம்பிளையாலும் முடியாது. சத்தம் கேட்டது. பலகை உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் பலகை நன்றாக இருக்கிறது.

அவள் மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மாவில் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்து அடிவைத்து, வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வருவாள் என்று நின்றேன். போலீஸ்தான் வந்தது.

இவ்வளவுதான் நடந்தது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் அவளை என்று கேளுங்கள். கட்டிய பொம்பளைகளைக் கூட்டி வைத்து, புருஷனைப் பொம்மையாகச் செய்து அடியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாயே, அது எந்தப் படிப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

என்ன? என்ன சொல்கிறாள்? மெதுவாகச் சொல்லுங்கள்.

அடிக்க இல்லையா? அவர்கள் கூட்டத்தில் யாரும் எதையும் அடித்ததே இல்லையா? எவுசேபியோ சொன்னாரே. எல்லாருக்கும் தெரியுமே, பின்யாத்தா என்றால் அடிக்கத்தானே! பிறகு எதற்கு? நாற்காலியில் உட்கார வைத்து... எதிரே ஒதிலியா உட்கார்ந்து... பேசிப் பார்க்கவா? நேரில் சொல்லப் பயமாக இருக்கிறதைப் பொம்மையிடம் முதலில் சொல்லிப் பழகுவதா? அதனால்தான் உட்கார்ந்திருந்ததா அது? உள்ளே ஒன்றும் போடாதது அதனால்தானா?

பயமா? என்னிடம் என்ன பயம்? பொம்மையிடம் பேசுவாளாம், என்னிடம் பேசமாட்டாளாம்! எனக்குக் காது இல்லையா? அறுபட்டது மடல்தான், காது நன்றாகக் கேட்கும்!

சரி, என்ன பேச இருந்தாள்? அதைச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாதா? அது எப்படித் தெரியாமல் இருக்கும்? பொம்மை வரவேயில்லை, அதனால் அவள் பேசவேயில்லையா? அந்த வாரம்தான் கொண்டுவர இருந்தாளா?

கடையைப் பற்றியாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஆமையைப் பற்றி. இல்லாவிட்டால், போகிறேன் என்று சொல்ல இருந்தாளோ? போகிறவள் எதற்குத் தம்பி காதின் வெட்டு வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்? சொல்லுங்கள், நீங்கள் படித்தவர்தானே.

சரி. கடைசி விலை சொல்கிறேன், இதற்குக் கீழே இறங்கமாட்டேன். கூட்டத்துக்குப் போகட்டும். கடை வைக்கட்டும், அவள் பெயரே போட்டுக்கொள்ளட்டும், அடிக்காத பொம்மையாகவே செய்து அடுக்கட்டும், நான் விலை பேச வரவில்லை. பொம்மையை உடைத்தது நான், அதற்குப் பதில் சரக்கு என்னிடம் இருக்கிறது. இதோ. நாற்காலி இருக்கிறது, உட்காருகிறேன். முட்டியில் கை வைத்துக்கொள்கிறேன். எதிரே அவள் வந்து உட்கார்ந்து என்ன சொல்ல இருந்தாளோ அதைச் சொல்லட்டும். ஒரு வார்த்தை பேசமாட்டேன். நடுவில் கத்தினால் அந்தத் தடியனை விட்டு என்னைக் கட்டிப்போடுங்கள்.

மண்டையை ஆட்டாதே அம்மா, போனை எடு. அவளுக்கு வாயைக் கொடுத்தவள் நீ, அந்த வாயை என் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியவளும் நீதான். நாளைக்கு இல்லை, யோசித்து இல்லை, இப்போது. உன் மேஜைமேல்தான் போன் இருக்கிறது.

தம்பி, மேஜையைத் தட்டினது கோபத்தில் இல்லை, பேச்சுக்குத் தட்டினது. நான் எழுந்தால் எழுந்ததுதான், எதற்கு அவள் கதவைப் பார்க்கிறாள்? நீங்கள் ஏன் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறீர்கள்? சொல்லுங்கள் அவளிடம், அவள் பாஷையில் சொல்லுங்கள். எடுக்கச் சொல்லுங்கள் அந்தப் போனை!